விகிதம் அசையவில்லை, ஆட்கள் மாறுகிறார்கள்: வேலையின்மைக்குள் வருவோர், வெளியேறுவோர் கணக்கை எப்படி எடுப்பது?

காசிமேடு_கணக்கு

வணக்கம். காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய மூன்று பகுதிகளில் 420 வீடுகளுக்கு மாதம் ஒரு முறை போய், 15 வயது நிரம்பிய எல்லோருடைய வேலை நிலவரத்தையும் கேட்கும் கணக்கெடுப்பு நடக்கிறது. கேள்விகள் மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ்.-இன் வார நிலையை ஒட்டியவை. கடந்த 7 நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா, இல்லையென்றால் தேடினாரா, கிடைத்தால் போகத் தயாரா என்று கேட்கிறோம். மூன்று சுற்று முடிந்துவிட்டது.

மூன்று மாதமும் வேலையின்மை விகிதம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது. ஆனால் தாளைப் புரட்டினால் போன மாதம் தேடிக்கொண்டிருந்தவர்களும் இந்த மாதம் தேடுபவர்களும் பாதிக்குப் பாதி வேறு ஆட்கள். இந்தப் போக்குவரத்தைத்தான் எண்ணாக எடுக்க வேண்டும். மூன்று இடத்தில் முட்டுகிறது.

ஒன்று, இரண்டு சுற்றிலும் கிடைத்தவர்களை மட்டும் வைத்துக் கூட்டினால், மொத்த எண்ணிக்கையில் தெரியும் ஏற்ற இறக்கத்தோடு அது ஒத்துப்போகவில்லை. இரண்டு, முதல் மாதம் தேடுபவர், அடுத்த மாதம் வீட்டில் இருப்பவர், மூன்றாம் மாதம் மறுபடி தேடுபவர் என்று வருபவர்கள் நிறைய. இது நிஜமா, பதிவுக் கோளாறா? மூன்று, ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. அதற்கு முன் கேள்வித்தாளில் எதை மாற்ற வேண்டும்?

ஒற்றியூர்_அட்டவணை

முதலில் ஒரு 3×3 அட்டவணை போடுங்கள். வரிசையில் போன மாத நிலை, நெடுவரிசையில் இந்த மாத நிலை. வேலையில் உள்ளவர், தேடுபவர், இரண்டிலும் இல்லாமல் விலகி இருப்பவர் என மூன்றே நிலை. விலகி இருப்பவரை விட்டுவிட்டு இரண்டு நிலையில் முடிக்கப் பார்க்காதீர்கள். வடசென்னை போன்ற இடத்தில் பாதி நடமாட்டம் அந்த வாசல் வழியாகத்தான்.

கணக்கு புரிவதற்காக மட்டும் ஒரு கற்பனை எண். 1,000 பேர். முதல் மாதம் வேலையில் 600, தேடுபவர் 50, விலகியவர் 350. அடுத்த மாதம்:

வேலையில் இருந்த 600 பேரில் 570 பேர் வேலையிலேயே, 15 பேர் தேடுபவர், 15 பேர் விலகியவர்.
தேடிய 50 பேரில் 15 பேருக்கு வேலை, 25 பேர் இன்னும் தேடுகிறார்கள், 10 பேர் விலகிவிட்டார்கள்.
விலகியிருந்த 350 பேரில் 17 பேர் வேலைக்கு, 12 பேர் தேட ஆரம்பித்தார்கள், 321 பேர் அப்படியே.

இரண்டாம் மாதம் வேலையில் 602, தேடுபவர் 52, விலகியவர் 346. வேலையின்மை விகிதம் 7.7-லிருந்து 8.0 சதவீதம், அவ்வளவுதான். ஆனால் அந்த 50 பேரில் 25 பேர் வெளியே போய், 27 புது ஆட்கள் உள்ளே வந்திருக்கிறார்கள். வேலை கிடைக்கும் வீதம் 15/50, அதாவது 30 சதவீதம். வேலை போய்த் தேடும் நிலைக்கு வரும் வீதம் 15/600, அதாவது 2.5 சதவீதம். வகுக்கும் எண் எப்போதும் கிளம்பிய இடத்தின் தொகைதான். மொத்த ஆட்களால் வகுத்தால் விடை தவறு.

உங்கள் முதல் சிக்கலுக்குக் காரணம், இரண்டு சுற்றிலும் கிடைத்தவர்கள் முழு மாதிரியின் நகல் இல்லை. வாடகை வீடு காலி செய்தவர், வேலைக்காக வெளியூர் போனவர், புதிதாக வந்து சேர்ந்த தம்பி, இந்த மாதம் 15 வயது நிரம்பிய பெண் எல்லோரும் ஏதோ ஒரு சுற்றில் இல்லை. வேலை போனதால்தான் வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறினார் என்றால், நீங்கள் தேடும் அதே நிலை மாற்றம்தான் மாதிரியிலிருந்து நழுவுகிறது. அமெரிக்காவின் மாதாந்திர வேலை நிலவரக் கணக்கெடுப்பான சி.பி.எஸ்.-க்கும் இந்தக் குறை உண்டு. அது முகவரியைப் பின்தொடர்கிறது, ஆளை இல்லை. ஒரு வீடு 4 மாதம் மாதிரியில், 8 மாதம் வெளியே, மறுபடி 4 மாதம் உள்ளே. அதனால் அடுத்தடுத்த மாதங்களில் முக்கால் பங்கு முகவரிகள்தான் பொது.

சரிசெய்யும் முறை இது. பொருந்திய ஆட்களின் அட்டவணையை எடுத்து, வரிசைத் தொகைகள் முதல் சுற்றின் முழு மாதிரித் தொகைக்குச் சமமாகும்படி ஒவ்வொரு வரிசையையும் பெருக்குங்கள். பிறகு நெடுவரிசைகளை இரண்டாம் சுற்றின் தொகைக்குப் பெருக்குங்கள். வரிசை மறுபடி பிசகும், திரும்பச் செய்யுங்கள். எட்டுப் பத்து முறையில் எண்கள் நின்றுவிடும், எக்செல்லிலேயே முடியும். இரு பக்க மொத்தமும் சமமாக இருந்தால்தான் நிற்கும். வயது நிரம்பியவர், புதிதாக வந்தவர், இறந்தவர், நிரந்தரமாகப் போனவருக்கு ‘மற்றவை’ என்று தனி வரிசையும் நெடுவரிசையும் வையுங்கள்.

இந்தத் திருத்தம், காணாமல் போனவர்களும் அதே வரிசையில் இருக்கும் மற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. அது உண்மையா என்று பார்க்க, காலி செய்தவர்களில் சிலரையாவது தொலைபேசியில் பிடித்துக் கேளுங்கள். முதல் சுற்றிலேயே இரண்டு எண் வாங்கி வைப்பது இதற்குத்தான்: ஒன்று அவருடையது, இன்னொன்று வீட்டைக் காலி செய்தாலும் தொடர்பில் இருக்கும் உறவினருடையது.

பேசின்பிரிட்ஜ்_புலம்

சூத்திரத்தை விடக் கேள்வி கேட்கும் விதம்தான் உங்கள் எண்ணைத் தீர்மானிக்கும். இரண்டாவது சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

தமிழில் ‘வேலை இல்லை’ என்றால் இன்றைக்கு வேலை இல்லை என்றும் பொருள், வேலையே இல்லை என்றும் பொருள். பெயிண்டர் ஒருவர் செவ்வாய்க்கிழமை திண்ணையில் உட்கார்ந்து ‘வேலை இல்லைங்க’ என்பார். திங்களன்று அவர் ஒரு வீட்டுக்கு பிரைமர் அடித்திருப்பார். வார நிலைப்படி அவர் வேலையில் உள்ளவர். இதைவிடச் சிக்கலான சொல் ‘சும்மா’. ‘வீட்டுல சும்மாதான் இருக்கேன்’ என்று சொல்லும் அக்கா, காலையில் கருவாடு காயப் போட்டிருப்பார், மதியம் இரண்டு முழம் பூ கட்டிக் கடைக்குக் கொடுத்திருப்பார். ஒரு மாதம் கணக்கெடுப்பவர் தூண்டிக் கேட்டால் வேலையில், அடுத்த மாதம் அவசரமாகக் கேட்டால் விலகியவர். தாளில் ஒரு நிலை மாற்றம் பிறந்துவிடுகிறது. அந்த அம்மா வாழ்க்கையில் ஒன்றும் மாறவில்லை.

அதனால் ‘வேலை செய்தீர்களா’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். பட்டியலை வாசியுங்கள்: பூ கட்டுவது, இட்லிக் கடை, அப்பளம் இடுவது, கருவாடு, மீன் வெட்டுவது, வலை தைப்பது, லோடு ஏற்றுவது, தையல், டெலிவரி. ஒவ்வொரு மாதமும் அதே வரிசை, அதே வார்த்தை. கூடவே ‘7 நாளில் எத்தனை நாள்’ என்று 0 முதல் 7 வரை ஒரு கட்டம். மணலியில் ஷட் டவுன் வேலைக்கு (ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் நாட்களில் மட்டும்) போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், தினம் காலையில் கூலிக்கு நிற்கும் சித்தாளுக்கும், வார நிலை என்ற ஒற்றைக் கட்டம் போதவே போதாது. 6 நாளிலிருந்து 1 நாளுக்கு விழுந்தவர் வார நிலையில் அசையவே இல்லை என்றுதான் வரும்.

அடுத்து, யார் பதில் சொன்னது என்று எழுதுங்கள். துறைமுகத்துக்குப் போயிருக்கும் மகனுக்காக அம்மா சொல்லும் பதிலும், மகன் நேரில் சொல்லும் பதிலும் ஒன்றில்லை. ‘தேடுறானா?’ என்ற கேள்விக்கு அம்மாவின் பதில் பெரும்பாலும் அவன் மேல் இருக்கும் கோபத்தைப் பொறுத்தது. பதிலளித்தவர் மாறிய ஜோடிகளைத் தனியே எடுத்து அட்டவணை போட்டுப் பாருங்கள். அதில் மட்டும் தேடுபவர்–விலகியவர் மாற்றம் கூடுதலாக இருந்தால் அது பதிவுக் கோளாறு.

போன மாதப் பதிலைக் கணக்கெடுப்பவருக்குக் காட்டலாமா என்ற கேள்வியும் வரும். காட்டினால் அப்படியே டிக் அடித்துவிட்டு வருவார், உண்மையான மாற்றம் மறையும். காட்டாவிட்டால் பொய் மாற்றம் பெருகும். நடு வழி: முதலில் காட்டாமல் கேட்பது. பதில் மாறியிருந்தால் மட்டும், ‘போன மாசம் ஐஸ் ஃபேக்டரியில இருக்கேன்னு சொன்னீங்க, எந்தத் தேதியில நின்னது?’ என்று கேட்டு நாளை எழுதுவது. தேதி நினைவில்லை என்றால் பள்ளி திறப்பு, ஆடி முதல் தேதி, தீபாவளி, தடைக்கால முதல் நாள் என்று ஊர் நாட்களை வைத்துப் பிடியுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் ‘ஒண்ணாம் தேதியிலிருந்து’ என்பார்கள், மாற்றம் எல்லாம் இரண்டு சுற்றின் தையல் இடத்தில் குவிந்துவிடும்.

தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகளுக்கு. குறிப்பு வாரத்தை இப்போதே நிலைப்படுத்துங்கள். அமெரிக்காவில் 12-ம் தேதி அடங்கிய வாரத்தை எடுக்கிறார்கள். நீங்கள் 12-ம் தேதியோடு முடியும் 7 நாளை எடுத்தால் ஏப்ரல் சுற்று தடைக்கு முன், மே முழுத் தடை, ஜூன் இன்னும் தடை, ஜூலை தடைக்குப் பின். உள்வரவு ஏப்ரல்–மே ஜோடியிலும் வெளியேற்றம் ஜூன்–ஜூலை ஜோடியிலும் சுத்தமாகத் தெரியும். வீட்டுக்கு வீடு குறிப்பு வாரம் மாறினால் ஏப்ரல் எண்ணில் பாதி வீடு தடைக்கு முன், பாதி பின் என்று குழம்பும்.

யாரை எந்த நிலையில் வைப்பது என்பதையும் எழுதி வையுங்கள். 2013-ல் பன்னாட்டுத் தொழில் புள்ளியியலாளர் மாநாடு வகுத்த விதிப்படி, பருவமில்லாத காலத்தில் அந்த வேலையின் கடமைகளில் சிலவற்றையாவது தொடர்ந்து செய்பவர்தான் வேலையில் உள்ளவர். சட்டத்துக்காகவோ அலுவலக நடைமுறைக்காகவோ செய்வது கணக்கில் வராது. ஆக, படகுக்கு உரிமம் புதுப்பிக்கப் போனது வேலை இல்லை, வலை தைத்ததும் இன்ஜின் பிரித்துப் பார்த்ததும் வேலை. பங்குக்குப் போகும் ஆள் எதுவும் செய்யாமல் கிடைத்தால் போகத் தயாராக இருந்தால் அவர் வேலையில் இல்லை. தடையில்லாத ஃபைபர் படகுக்கு மாறிப் போனவர் வேலையில்தான், ஆனால் படகு மாறியதைத் தனிக் கட்டத்தில் குறியுங்கள்.

வியாசை_வாசகன்

இவ்வளவு சிரமப்படாமல், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண்ணிக்கையும் பி.எஃப். மாத எண்ணிக்கையும் வைத்து உள்வரவு, வெளியேற்றம் எடுக்க முடியாதா?

ஒற்றியூர்_அட்டவணை

முடியாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர் வேலையில்லாதவர் என்று பொருளில்லை. தனியாரில் வேலை பார்த்துக்கொண்டே அரசு வேலைக்காக மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துவருபவர்கள் அதில் ஏராளம். தேடுவதை விட்டவரும் புதுப்பிக்காத வரை அதில் நிற்பார்.

பி.எஃப். எண்ணிக்கை 2018 ஏப்ரலிலிருந்து மாதம்தோறும் வருகிறது. புதிதாகச் சேர்ந்தவர், வெளியேறியவர், திரும்பச் சேர்ந்தவர் என்று பிரித்திருப்பதால் நிலை மாற்றக் கணக்கு போலவே தோன்றும். ஆனால் 19 ஆள் வைத்திருந்த பட்டறை 20-ஐத் தொட்டதும் எல்லோரும் ‘புதிதாகச் சேர்ந்தவர்’ ஆவார்கள், ஒரு வேலைகூடப் புதிதாகப் பிறக்காமலேயே. வெளியேறியவர் அடுத்து எங்கே போனார் என்று அதில் இல்லை. முதலாளிகள் தாமதமாகத் தாக்கல் செய்வதால் பழைய மாத எண்களும் மாறிக்கொண்டே இருக்கும். படகுத் தொழிலாளி, சித்தாள், பூ கட்டுபவர் அதில் அடியோடு இல்லை.

மாதிரி_எடை

இரண்டாவது சிக்கலுக்கு எண் வழியாகவும் ஒரு பதில். மேலே போட்ட அட்டவணையையே எடுங்கள். விலகியிருக்கும் 350 பேரில் மாதம் 1 சதவீதம் தவறுதலாக ‘தேடுபவர்’ என்று பதிவாகிறது என்று வையுங்கள், 3 அல்லது 4 பேர். தேடுபவர் தொகையில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த 3, 4 பேரும் அடுத்த மாதம் சரியாகப் பதிவாகும்போது தேடுபவரிலிருந்து விலகியவருக்குப் போனதாகக் காட்டும். அந்தக் கட்டத்தில் இருப்பதே 10 பேர், அதில் மூன்றில் ஒரு பங்கு பொய். எதிர்த்திசையிலும் அதே அளவு. தொகையில் தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், மாற்றத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஆய்வாளர்கள் அபவுட், செல்னர் இருவரும் 1985-லும், பொட்டர்பா, சம்மர்ஸ் இருவரும் 1986-லும் அமெரிக்க மறுபேட்டித் தரவை வைத்து இதைத்தான் காட்டினார்கள்.

உங்களுக்கு உடனே செய்யக்கூடியவை இரண்டு. பத்தில் ஒரு வீட்டுக்கு, ஒரு வாரத்துக்குள், வேறு ஆளை அனுப்பி அதே குறிப்பு வாரத்தைப் பற்றியே கேளுங்கள். எவ்வளவு பிசகுகிறது என்று நேரடியாகத் தெரியும். இன்னொன்று, எல்ஸ்பி, ஹோபைன், ஷாஹின் 2015-ல் செய்த எளிய திருத்தம். தேடுபவர்–விலகியவர்–தேடுபவர் என்று வந்தால் நடு மாதத்தையும் தேடுபவராக்குவது, விலகியவர்–தேடுபவர்–விலகியவர் என்று வந்தால் நடு மாதத்தையும் விலகியவராக்குவது. திருத்தாமல் ஒரு முறை, திருத்தி ஒரு முறை, இரண்டு எண்ணையும் வெளியிடுங்கள். உண்மையாகவே ஒரு மாதம் மனம் சோர்ந்து விட்டுவிட்டு மறுபடி தேடியவரையும் இது அழித்துவிடும், அதனால் திருத்திய எண்ணை மட்டும் போடக் கூடாது. கடைசி மாதத்துக்கு அடுத்த சுற்று வரும் வரை இந்தத் திருத்தம் செய்ய முடியாது என்பதையும் கவனியுங்கள்.

சோதனைக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு: எத்தனை வாரமாகத் தேடுகிறார் என்று கேட்பது. பொருளியலாளர் ஷைமர் பரவலாக்கிய முறை. இந்த மாதத் தேடுபவர் 52, அதில் ஒரு மாதத்துக்குள் வந்தவர் 27. மீதி 25 பேர் போன மாத 50-லிருந்து தங்கியவர்கள், ஆக வெளியேறும் வீதம் 1 − 25/50, 50 சதவீதம். ஆளை ஆளோடு பொருத்தவே தேவையில்லை. ஆனால் இதில் வேலை கிடைத்து வெளியேறிய 15 பேரும், அலுத்துப் போய் வெளியேறிய 10 பேரும் ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். இதை ‘வேலை கிடைக்கும் வீதம்’ என்று எழுதிவிடாதீர்கள். கேள்வி சிறிது மாறினாலும் எண் உடையும்: சி.பி.எஸ். 1994-ல் கேள்வித்தாளைத் திருத்தி, தொடர்ந்து தேடுபவரிடம் கால அளவைப் புதிதாகக் கேட்காமல் முந்தைய பதிலோடு வாரங்களைக் கூட்ட ஆரம்பித்ததும் குறுகிய காலத் தேடுபவர் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது.

தேடும் காலத்தைச் சராசரி எடுக்கும்போது இன்னொரு பள்ளம். ஒரு தெருவில் வருடம் முழுக்க ஒருவர் வேலையில்லாமல் இருக்கிறார், அதே வருடத்தில் வேறு 12 பேர் மாதத்துக்கு ஒருவராக ஒரு மாதம் மட்டும் வேலையில்லாமல் இருந்தார்கள். எந்த நாள் போனாலும் உங்கள் கண்ணில் படுவது இரண்டு பேர், ‘பாதிப் பேர் நீண்ட காலமாக’ என்று எழுதுவீர்கள். ஆனால் அந்த வருடத்தில் வேலையிழந்த 13 பேரில் 12 பேருக்கு அது ஒரு மாதச் சிரமம். இரண்டும் சரியான எண்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில். நிவாரணம் யாருக்கு என்று கேட்டால் முதல் எண், வேலை போகும் ஆபத்து எவ்வளவு பேருக்கு என்று கேட்டால் இரண்டாவது.

காசிமேடு_கணக்கு

ரொம்ப நன்றி தோழர்களே, புலம் எழுதிய அக்காவுக்கும். பட்டியல் கேள்வி, பதிலளித்தவர் கட்டம், 12-ம் தேதி வாரம் மூன்றையும் அடுத்த சுற்றிலிருந்தே சேர்க்கிறோம். இன்னும் இரண்டு: எங்களிடம் இருப்பது ஏறக்குறைய 1,200 பேர்தான். மாதம் மாதம் வீதத்தை வெளியிடலாமா? பி.எல்.எஃப்.எஸ். தரவோடு ஒப்பிட முடியுமா?

மாதிரி_எடை

மாதாமாதம் வேண்டாம். தேடுபவர் 50 பேர், 15 பேருக்கு வேலை என்றால் 30 சதவீதத்தின் நிலைப்பிழை (மாதிரி சிறிதாக இருப்பதால் வரும் தடுமாற்றம்) 6.5 புள்ளி, 95 சதவீத நம்பிக்கைக்கு அதை இரட்டித்தால் இரு பக்கமும் சுமார் 13 புள்ளி. அதாவது 17-லும் இருக்கலாம், 43-லும் இருக்கலாம். ஒரே தெருவில் பல வீடுகள் எடுத்திருப்பதால் இன்னும் அகலும். இந்த அகலத்தைக் காட்டும் வடிவமைப்பு விளைவு (design effect) 1.5 என்று எடுத்தால் 15, 16 புள்ளி. ஆறு மாத ஜோடிகளைச் சேர்த்து 300 பேர் ஆக்கினால் 6 புள்ளிக்கு வரும், அதில் ஒரே ஆள் பல முறை வருவதால் உண்மையில் அதைவிடச் சற்று அகலம். தடைக்கால மாதங்களை மற்ற மாதங்களோடு சேர்க்காதீர்கள், அடுத்த வருடத்தின் அதே மாதங்களோடு வையுங்கள்.

பி.எல்.எஃப்.எஸ். ஒப்பீட்டுக்கு: 2017 ஏப்ரலில் தொடங்கியபோது நகரத்து வீடுகளுக்கு மட்டும் மறுவருகை, மூன்று மாதத்துக்கு ஒன்றாக, முதல் வருகையும் சேர்த்து மொத்தம் நான்கு. 2025 ஜனவரி முதல் கிராமம் நகரம் இரண்டிலும் மாதம் ஒன்றாக நான்கு மாதம். அதனால் பழைய தரவில் எடுப்பது காலாண்டு மாற்றம், உங்களுடையது மாத மாற்றம். மாத வீதத்தை மூன்றால் பெருக்கிக் காலாண்டு வீதம் என்று போடக் கூடாது. உங்கள் 3×3 வீத அட்டவணையை தன்னோடு தானே அணிப் பெருக்கல் செய்து மூன்றாம் அடுக்கை (அட்டவணை × அட்டவணை × அட்டவணை) எடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் வேலை போய் மறுபடி கிடைத்தவர் காலாண்டில் தெரியவே மாட்டார்.

பி.எல்.எஃப்.எஸ். தரவில் ஆட்களைப் பொருத்த, முதல் நிலை அலகு எண், துணைத் தொகுதி எண், இரண்டாம் நிலை அடுக்கு, வீட்டு எண், ஆள் வரிசை எண் ஐந்தையும் சேர்த்துச் சாவியாக்குங்கள். பிறகு பாலினம் மாறியிருந்தாலோ வயது இரண்டுக்கு மேல் குதித்திருந்தாலோ அந்த ஜோடியைத் தள்ளுங்கள். எடை நெடுவரிசையில் தசமப் புள்ளி மறைந்திருக்கும், தரவோடு வரும் விளக்கக் கோப்பைப் படித்து வகுத்த பிறகே பயன்படுத்துங்கள். தேடுபவர் என்பதில் அவர்கள் 81, 82 என்று இரண்டு குறியீடு வைத்திருக்கிறார்கள். 81 தேடியவர், 82 தேடவில்லை ஆனால் கிடைத்தால் போகத் தயார். பன்னாட்டு வரையறையில் 82 வேலையில்லாதவர் ஆகமாட்டார். உங்கள் தாளிலும் இரண்டையும் பிரித்தே பதியுங்கள், பிறகு எப்படி வேண்டுமானாலும் சேர்க்கலாம். தடைக்காலத்தில் ‘எங்க போய்த் தேடுறது, கடல் திறக்கட்டும்’ என்பவர் எல்லோரும் 82-ல்தான் வருவார்கள்.

வடசென்னைக்கு மட்டும் என்று அதில் பிரிக்க வழியில்லை, மாவட்டம் வரைதான். அந்த மாவட்டமும் 2018-ல் 178 சதுர கி.மீ.-லிருந்து 426 ஆனது. திருவொற்றியூர், மணலி, மாதவரம் அதற்கு முன் திருவள்ளூர் மாவட்டம். 2017-18 சென்னை எண்ணை இன்றைய சென்னை எண்ணோடு வைக்கும்போது உங்கள் மூன்று பகுதிகளில் ஒன்று முன்பு அதில் இல்லவே இல்லை.